தெருவிளக்கு பக்கம் இருக்கற சாமந்தி மட்டும் மொட்டே வைக்கல, உரமா வெளிச்சமா?

சேலத்து மாடித்தோட்டம்

வணக்கம் மக்களே. ஒரு சந்தேகம், ரொம்ப நாளா மண்டையக் குடையுது. ஆடி மாசம் ஒரே தாய்ச்செடில இருந்து கட்டிங் எடுத்து மஞ்ச சாமந்தி தொட்டில வச்சேன். பாதி தொட்டி வீட்டுக்குப் பின்னாடி கிணத்தடில, பாதி முன்னாடி காம்பவுண்ட் சுவர் ஓரமா. மண்ணு ஒண்ணு, தொழு உரம் ஒண்ணு, தண்ணி ஊத்தற ஆளும் ஒண்ணு. பின்னாடி இருக்கறது கார்த்திகைலயே பூத்துருச்சு, இப்ப மார்கழிக்கு தினமும் பறிச்சு வாசல்ல வச்சுட்டு இருக்கேன். முன்னாடி இருக்கறது என்னடான்னா இடுப்பு உசரத்துக்கு வளந்து கரும்பச்சையா இலை தள்ளிட்டு நிக்குது, மொட்டுங்கற பேச்சே இல்ல.

மாறுனது ஒரே ஒரு விஷயம்தான். போன வருஷம் வரைக்கும் வாசல் கம்பத்துல எரிஞ்சும் எரியாம ஒரு ட்யூப்லைட் இருந்துச்சு, இந்த வருஷம் பளிச்சுனு வெள்ளை எல்ஈடி மாட்டிட்டாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாசல்ல உக்காந்து அரிசில கல்லு பொறுக்கலாம் அந்த அளவுக்கு வெளிச்சம். எங்க மாமியார் செடிய தூங்க விடாம பண்ணா எங்க பூக்கும்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் சிரிக்கறாரு. இன்னொன்னு கவனிச்சேன், சுவரோட நிழல் விழற மூலைல ஒரு தொட்டி இருக்கு, அதுல நிழல் பக்கம் சாஞ்ச ஒரு கிளைல மட்டும் ரெண்டு மொட்டு வந்துருக்கு, அதே செடில வெளிச்சம் படற மத்த கிளைல ஒண்ணும் இல்ல. இது என்ன கணக்குன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

உரமூட்டை

இலை கரும்பச்சை, உசரமா வளத்தி, பூ இல்ல. இது தழைச்சத்து ஓவர் ஆனதுக்கு அடையாளம் மேடம். தொழு உரத்த நிறுத்துங்க, கொஞ்சம் பொட்டாஷ் போடுங்க, நுனியக் கிள்ளி விடுங்க. தெருவிளக்குக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்.

ராயக்கோட்டை பூத்தோட்டம்

அக்கா பொட்டாஷும் வேணாம் ஒண்ணும் வேணாம், இப்ப போய் நுனியவும் கிள்ளிடாதீங்க. உங்க மாமியார் சொல்றதுதான் சரி. நாங்க கரண்டு பில்லு கட்டி பண்ற வேலைய உங்களுக்கு தெருவிளக்கு ஓசில பண்ணிக் குடுத்துட்டு இருக்கு, அவ்ளோதான் மேட்டர்.

எங்க பக்கம் ஓசூர், ராயக்கோட்டை ரோட்டுல ராத்திரி பஸ்ல வந்தீங்கன்னா வயக்காடு பூரா வரிசையா பல்பு எரியும், புதுசா வரவங்க ஏதோ திருவிழான்னு நெனப்பாங்க. எல்லாம் சாமந்தித் தோட்டம். எதுக்குன்னா சாமந்திக்கு ராத்திரி நீளமா இருந்தா பூக்கணும்னு தோணும், ராத்திரி குட்டையா இருந்தா வளந்துக்கிட்டே இருக்கும். ஆனி ஆடில நட்டா பிரச்சனை இல்ல, பகல் நீளமா இருக்கற காலத்துலயே வளர வேண்டியத வளந்துரும், ஐப்பசி கார்த்திகைக்கு தானா பூக்கும். ஆனா புரட்டாசிக்கு மேல நட்டா நாத்து ஒரு சாண் உசரம் வரதுக்குள்ள மொட்டு கட்டிரும், செடிக்கு நாலு பூ, காம்பு விரல் நீளம், மார்க்கெட்டுல எவனும் சீண்ட மாட்டான். அதனால நட்டதுல இருந்து ஒரு மாசம் போல ராத்திரி பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் பல்பு போடறது. செடி முட்டி உசரம் வந்து நாலா பக்கமும் கிளை அடிச்சதும் ஸ்விட்ச ஆஃப் பண்ணிருவோம். அன்னைல இருந்து ரகத்தப் பொறுத்து ஏழு வாரத்துல இருந்து பத்து வாரத்துல பூ வெட்டலாம். தை முகூர்த்தத்துக்கு பூ வேணும்னா அங்க இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்து என்னைக்கு லைட்ட நிறுத்தணும்னு கணக்கு போடறதுதான் எங்க தொழிலே.

முன்னாடி நூறு வாட்ஸ் குண்டு பல்பு, பில்லு பாத்தா நெஞ்சு அடைச்சிரும். இப்ப எல்லாரும் எல்ஈடிக்கு மாறியாச்சு. செலவ இன்னும் கொறைக்க விட்டு விட்டு போடறவங்களும் இருக்காங்க, பத்து நிமிஷம் எரிஞ்சு இருவது நிமிஷம் அணையற மாதிரி டைமர் வச்சு. அதுவும் வேலை செய்யுது, செடிய ஏமாத்த முழு நேரமும் எரியணும்னு இல்ல.

சந்தேகப்பேர்வழி

ராயக்கோட்டை அண்ணன் அனுபவத்த நான் குறை சொல்லல, ஆனா ஒரு லாஜிக் இடிக்குது. பகல் நீளம் குட்டைன்றதெல்லாம் லண்டன்ல, நார்வேல பேச வேண்டிய கதை. நம்மூர்ல வருஷம் பூரா ஆறு மணிக்கு விடிஞ்சு ஆறு மணிக்கு இருட்டுது. அஞ்சு பத்து நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். செடிக்கு அது எப்படி தெரியும்? குளிர் வரதாலதான் பூக்குதுன்னு நான் நெனக்கறேன். மார்கழில பனி விழுது, அதான் காரணம்.

பழைய லேப் ஆளு

சந்தேகம் நியாயமானதுதான் ஆனா கணக்கு தப்பு. சென்னைல ஜூன் கடைசில பகல் கிட்டத்தட்ட 12 மணி 53 நிமிஷம், டிசம்பர் கடைசில 11 மணி 21 நிமிஷம். ஒன்றரை மணி நேர வித்தியாசம். மதுரைக்கு இறங்குனா அது ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும், கன்னியாகுமரில ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. நாம வாட்ச் பாத்து வாழறோம் அதனால உறைக்கறதில்ல. செடிக்கு இது தாராளம். நெல்லு அரை மணி நேர வித்தியாசத்த வச்சே பூக்கற ஜீன போடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணும். செடிய விடுங்க, பனாமா காட்டுல ஒரு சின்ன எறும்புக் குருவி இருக்கு, பூமத்திய ரேகைக்கு ரொம்ப தூரம் இல்லாத இடம், அத கூண்டுல வச்சு பகல வெறும் 17 நிமிஷம் நீட்டி பாத்தாங்க, இனப்பெருக்கத்துக்கு அது உடம்பு தயாராக ஆரம்பிச்சிருச்சு, பாட்டும் கூடிருச்சு. 1998ல வந்த ஆய்வு.

குளிர் காரணம்னா அக்கா வீட்டு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே குளிர்தானே சார். வீட்ட சுத்தி வந்தா க்ளைமேட் மாறிருமா? அவங்க தெரியாமலே ரொம்ப சுத்தமான ஒரு பரிசோதனை பண்ணி வச்சிருக்காங்க, ஒரே தாய்ச்செடி, ஒரே மண்ணு, மாறுனது வெளிச்சம் மட்டும்.

இந்த விஷயம் மொத மொத பிடிபட்டது புகையிலைல. அமெரிக்க விவசாயத் துறைல கார்னர், அலார்டுன்னு ரெண்டு பேரு. மேரிலாண்ட் மாமத்னு ஒரு புகையிலை ரகம், கோடை பூரா ஆளு உசரத்துக்கு மேல வளருது, பூக்கவே மாட்டேங்குது, கண்ணாடி வீட்டுக்குள்ள கொண்டு போய் வச்சா குளிர்காலத்துல பூக்குது. அவங்களும் மொதல்ல சூடு, ஈரம், உரம்னு எல்லாத்தையும் பாத்துட்டு கடைசில தொட்டிய சாயங்காலம் ஆனா இருட்டுக் கொட்டகைக்குள்ள தூக்கி வச்சு பகல சுருக்கிப் பாத்தாங்க. கோடைலயே பூத்துருச்சு. 1920ல எழுதுனாங்க. அப்ப வச்ச பேருதான் குறும்பகல் செடி, நெடும்பகல் செடி.

அந்தப் பேரால ஒரு குழப்பம் இன்னைக்கு வரைக்கும் இருக்கு. செடி அளக்கறது பகல இல்ல, ராத்திரிய. 1938ல ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர் மருளூமத்தைய வச்சு காமிச்சாங்க, அதான் வேட்டில சேலைல ஒட்டிக்கற முள்ளுக்காய் செடி. அதுக்கு ஒரே ஒரு நீண்ட ராத்திரி கிடைச்சா போதும், பூத்துரும். அந்த ராத்திரிக்கு நடுவுல ஒரு நிமிஷம் லைட்டு போட்டா போச்சு, பூக்காது. ஆனா பகலுக்கு நடுவுல கொஞ்ச நேரம் இருட்டுல வச்சா ஒண்ணும் ஆகறதில்ல. ராயக்கோட்டை அண்ணன் சாயங்காலம் ஆறு மணிக்கு லைட்டப் போடாம நடுராத்திரில போடறாரு பாருங்க, அதுக்குக் காரணம் இதுதான். நீளமான ஒரு ராத்திரிய ரெண்டு குட்டி ராத்திரியா வெட்டி விடறாரு.

இலைக்குள்ள இருக்கற பைட்டோக்ரோம்னு ஒரு நிறமிதான் வெளிச்சத்த பிடிக்குது. 660 நானோமீட்டர் பக்கம் இருக்கற சிவப்பு வெளிச்சம் பட்டா ஒரு வடிவத்துக்கு மாறும், 730 பக்கம் இருக்கற தூரச் சிவப்பு பட்டா பழையபடி திரும்பும். வெள்ளை எல்ஈடி நம்ம கண்ணுக்குத்தான் வெள்ளை, அதுக்குள்ள சிவப்பும் போதுமான அளவு இருக்கு. ஆனா வெளிச்சம் பட்டா மட்டும் பத்தாது, எந்த நேரத்துல படுதுன்றதும் முக்கியம். அதத்தான் செடிக்குள்ள ஓடற கடிகாரம் பாத்துக்குது. 2013ல ஜப்பான்காரங்க காட்டுச் சாமந்தி ஒண்ணுல கண்டுபிடிச்சாங்க, இருட்ட ஆரம்பிச்சதுல இருந்து குறிப்பிட்ட மணி நேரம் கழிச்சு ஒரு கதவு திறக்குது, அந்த நேரத்துல வெளிச்சம் விழுந்தா பூக்காதேன்னு சொல்ற ஒரு புரதத்த இலையே தயார் பண்ணி அனுப்புது. அப்ப உங்க சாமந்தி பூக்க மறந்து போய் நிக்கல அக்கா, தினமும் ராத்திரி தெருவிளக்கு பாத்து வேண்டாம் வேண்டாம்னு ஆர்டர் போட்டுட்டு இருக்கு.

அந்த நிழல் பக்கக் கிளை ரெண்டு மொட்டு வச்ச கதை இருக்கே, அதப் படிச்சதும் எனக்கு புல்லரிச்சிருச்சு. 1936, 37 வாக்குல ரஷ்யால சைலக்யான்னு ஒருத்தர் இதே மாதிரிதான் சாமந்தி செடிய வச்சு பாத்தார். மேல் பாதில இலையெல்லாம் உருவிட்டு கீழ் பாதி இலைக்கு மட்டும் நீண்ட ராத்திரி குடுத்தார், மொட்டை நுனில பூ வந்துச்சு. அப்ப வெளிச்சத்த பாக்கறது நுனி இல்ல இலைதான், இலைல இருந்து ஏதோ ஒண்ணு நுனிக்குப் போகுதுன்னு சொல்லி அதுக்கு ஃப்ளோரிஜன்னு பேரு வச்சார். அது என்ன பொருள்னு கைல பிடிக்க 2007 வரைக்கும் ஆச்சு, அது ஒரு சின்ன புரதம். உங்க செடில நிழல்ல இருந்த இலைங்க தங்களுக்கு கிட்ட இருந்த நுனிக்கு மட்டும் தகவல் அனுப்பிருக்கு.

சேலத்து மாடித்தோட்டம்

ஐயோ இவ்ளோ இருக்கா இதுல. வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டிட்டேன், மாமியார் முகத்துல ஒரு பெருமை பாக்கணுமே. சரி இப்ப என்ன பண்றது? கம்பத்துக்கு சாக்கு கட்டவா முடியும். பூச்சட்டிய நகத்தலாம்னா முன்னாடி இருக்கறதெல்லாம் பெரிய சிமெண்ட் தொட்டி, ரெண்டு ஆள் வேணும். அப்புறம் நிலா வெளிச்சத்துல பூ நின்னு போகாதா? பௌர்ணமிக்கு நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு.

நாமக்கல் லேயர்

சாமந்தி எனக்குத் தெரியாதுங்க, ஆனா லைட்டு தெரியும். முட்டைக்கோழிப் பண்ணை வச்சிருக்கேன். இந்த ராத்திரி பகல் கணக்குலதான் எங்க பொழப்பே ஓடுது அதான் எட்டிப் பாத்தேன்.

கோழிக்கு ஒரு நாளைக்கு பதினாறு மணி நேரம் வெளிச்சம் குடுப்போம், சூரியன் குடுக்கறது போக பாக்கிய விடியக்காலையும் சாயங்காலமும் பல்பு போட்டு சரிக்கட்டறது. குஞ்சா வளரும்போது வெளிச்சத்த கூட்டக்கூடாது, சீக்கிரமே முட்டைக்கு வந்து உடம்பு தாங்காம போயிரும். முட்டைக்கு வந்ததுக்கு அப்புறம் கொறைக்கவே கூடாது, கொறைச்சா கோழி ஆஹா குளிர்காலம் வந்துருச்சுன்னு நெனச்சு முட்டைய நிறுத்திட்டு இறகு கொட்ட ஆரம்பிச்சிரும். தொடர்ந்து நாலு நாள் கரண்டு போயி ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுனா ட்ரேல தெரியும் வித்தியாசம். வீட்டுல வளக்கற நாட்டுக்கோழி ஐப்பசி கார்த்திகைல முட்டைய கொறைச்சுட்டு இறகு உதுக்கறதும் இதே சங்கதிதான், அதுக்கு யாரும் பல்பு போடறதில்லைங்களே.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். ஒரு முட்டை உருவாகி வெளிய வர இருவத்தஞ்சு இருவத்தாறு மணி நேரம் ஆகும், அதுல பெரும்பகுதி ஓடு கட்டறதுக்கே போயிரும், கிட்டத்தட்ட இருவது மணி நேரம். நாளுக்கு இருவத்தி நாலு மணிதான். அதனால இன்னைக்கு காலைல ஏழு மணிக்கு முட்டை போட்ட கோழி நாளைக்கு எட்டுக்குப் போடும், அதுக்கு மறுநாள் ஒம்பது பத்துன்னு தள்ளிக்கிட்டே போகும். மத்தியானம் தாண்டுற நிலைமை வந்தா அன்னைக்கு ஒரு நாள் லீவு விட்டுட்டு மறுபடி காலைல இருந்து ஆரம்பிக்கும். புதுசா பண்ணைக்கு வர பசங்க கோழிக்கு சீக்குன்னு பயந்துருவாங்க. சீக்கெல்லாம் இல்ல, ரெண்டு கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம இடிக்குது அவ்ளோதான்.

என் சந்தேகம் என்னன்னா, கண்ணுல அடிபட்டு பார்வை போன கோழி கூட லைட்டுக்கு தகுந்த மாதிரி முட்டை போடுது. அது எப்படி சார்?

டெல்டாக்காரன்

இதெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே தெரிஞ்ச விஷயம், அவங்க ஜீன் பேரு சொல்லல அவ்வளவுதான். பழைய சம்பா ரகம் இருக்கே, மாப்பிள்ளைச் சம்பா மாதிரி, அத ஆடில விதைச்சாலும் ஆவணில விதைச்சாலும் கதிர் தள்றது பகல் குறையற காலத்துலதான், ஏறத்தாழ ஒண்ணா வரும். முன்னாடி விதைச்சது நல்லா தூர் கட்டி நிக்கும், பின்னாடி விதைச்சது கொஞ்சம் மெலிஞ்சு நிக்கும், ஆனா கதிர் மாசம் பெருசா மாறாது. எதுக்கு இப்படின்னு யோசிச்சா புரியும், ஐப்பசி அடை மழைல பூத்தா மகரந்தம் எல்லாம் கழுவிட்டு பதர்தான் மிஞ்சும், மழை ஓயற நேரமா பாத்து பூக்கற செடிதான் தலைமுறை தலைமுறையா நம்ம கைல தங்கிருக்கு. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறக்காம லேட்டா வந்த வருஷத்துல கூட இந்த ரகங்க ஒரு மாதிரி சமாளிச்சுக்கும்.

1966ல ஐஆர் 8னு ஒரு நெல் ரகம் வந்துச்சு பாருங்க, அதுக்கு பகல் ராத்திரி கணக்கே கிடையாது, நட்ட நாள்ல இருந்து நாள் எண்ணிக்கிட்டு கதிர் தள்ளும். அந்தக் குணம் இருக்கப் போய்த்தான் ஒரே வயல்ல குறுவையும் அதுக்கு மேல இன்னொரு போகமும் எடுக்க முடியுது. லாபமா நஷ்டமான்னு தனியா சண்டை போடலாம். ஆனா ஒண்ணு, பைபாஸ் ரோட்டு விளக்குக்கு கீழ பழைய ரகம் போட்டவன் கேட்டுப் பாருங்க, வயல் பூரா பழுத்து நிக்கும்போது விளக்குக்கு அடில மட்டும் ஒரு வட்டம் பச்சையாவே நிக்கும். அறுப்பு மிஷின்காரன் திட்டுவான்.

சந்தேகப்பேர்வழி

சரி சரி, ஒன்றரை மணி நேரம்னு நம்பர் குடுத்ததுக்கு அப்புறம் நான் வாய மூடிக்கறேன். ஆனா மல்லி? மார்கழில மதுரை மல்லி விலை எங்கயோ போகுது, அதுவும் இந்த ராத்திரிக் கணக்குதானா?

பழைய லேப் ஆளு

மல்லிக்கு நீங்க மொதல்ல சொன்ன குளிர்தான் பெரிய காரணம், அந்தப் பாயிண்ட் உங்களுக்கே. பனி விழுந்தா மொட்டு வரத்து கொறைஞ்சிரும், பங்குனி சித்திரைல வெயில் ஏறும்போது கொட்டும். ஆனா தினசரிக் கடிகாரம் மல்லிலயும் இருக்கு, விடியக்காலைல இறுக்கமா மூடுன மொட்டா பறிச்சு மூட்டை கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பறோம், செடிய விட்டு வந்ததுக்கு அப்புறமும் சாயங்காலம் தானா விரிஞ்சு வாசம் விடுது பாருங்க. ராத்திரில வர அந்துப்பூச்சிக்காக செடி போட்டு வச்ச டைம்டேபிள், அது தலைல வச்சாலும் மாறல.

நாமக்கல் அண்ணன் கேட்டது அருமையான கேள்வி. பறவை பருவகாலத்த அறிஞ்சுக்கறது கண்ணால இல்ல, நேரா மண்டை ஓட்டு வழியா. 1930கள்லயே பிரான்ஸ்ல பென்வாங்கறவர் வாத்துல இத காமிச்சார். அப்புறம் அமெரிக்கால மெனகர்னு ஒருத்தர் ஊர்க்குருவிய வச்சு இன்னும் அழுத்தமா காமிச்சார், பார்வை இல்லாத குருவிக்கும் வெளிச்சம் நீண்டா இனப்பெருக்க உறுப்பு பெருசாகுது, ஆனா தலைத் தோலுக்கு அடில கருப்பு மை செலுத்துனா வெளிச்சம் உள்ள போகாம அது நடக்கல. மூளைக்கு அடில ஹைப்போதலமஸ் பகுதில வெளிச்சத்த உணர்ற செல்லே இருக்கு. சிவப்பு வெளிச்சம் தோல், எலும்பு எல்லாத்தையும் தாண்டி நல்லா இறங்கும், அதனாலதான் பண்ணைல மஞ்சள் சிவப்பு கலந்த பல்பு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றது.

நிலாவுக்கு வரேன். வெளிச்சத்த லக்ஸ்ங்கற அளவுல அளப்பாங்க, பௌர்ணமி வெளிச்சம் தரைல பெரும்பாலும் 0.3 லக்ஸ் கூட வராது. தெருவிளக்குக்கு அடில அதவிட பல மடங்கு. சாமந்தி நிலாவுக்கு மசியாது, கவலைப்படாதீங்க.

இரவுப்பறவை

நைட் ஷிஃப்ட் பாக்கறவன் நான், சென்னைல ஒரு சப்போர்ட் வேலை. சாமந்திக்காக இவ்ளோ பேர் பேசறீங்க, மனுஷனப் பத்தி ஒருத்தரும் பேசல. ராத்திரி பூரா ட்யூப்லைட்டுக்கு அடில உக்காந்துட்டு காலைல எட்டு மணி வெயில்ல பைக்ல வீட்டுக்கு வந்தா தூக்கம் சுத்தமா வர மாட்டேங்குது. ரூம்மேட் இருக்கறப்ப ஒரு மாதிரியும் எல்லாரும் ஊருக்குப் போயிட்டா இன்னொரு மாதிரியும் தூங்கறேன், இதுக்கும் ஏதாச்சும் இருக்கா இல்ல எனக்கு மட்டும்தானா?

பழைய லேப் ஆளு

தம்பி, நான் டாக்டர் இல்ல, தூக்கம் ரொம்ப கெட்டா டாக்டர பாருங்க. உயிரியல் பக்கம் மட்டும் சொல்றேன். ரெண்டு கண்ணுல இருந்து வர நரம்பும் குறுக்க வெட்டிக்கற இடத்துக்கு மேல, ஒரு இருவதாயிரம் நரம்பு செல் உள்ள சின்ன கொத்து இருக்கு, அதான் உடம்போட மாஸ்டர் கடிகாரம். அது தனியா ஓட விட்டா சராசரியா 24 மணி 10 நிமிஷம் மாதிரி ஓடும், தினமும் காலை வெளிச்சம்தான் அத இழுத்து 24க்கு கொண்டு வருது. கண்ணுல பாக்கறதுக்குன்னு இல்லாம கடிகாரத்துக்குன்னே தனி செல்லுங்க இருக்கு, 480 நானோமீட்டர் பக்கம் நீல வெளிச்சத்துக்கு ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும். நீங்க காலை எட்டு மணி வெயில்ல வீட்டுக்கு வரும்போது அந்த செல்லுங்க மூளைக்கு விடிஞ்சாச்சு விடிஞ்சாச்சுன்னு சொல்லிட்டு இருக்கும், அப்புறம் எங்க தூக்கம். கடிகாரத்துக்குள்ள நடக்கற ஜீன் வேலையைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017ல நோபல், எல்லாம் பழ ஈய வச்சு பண்ண வேலை.

ரூம்மேட் விஷயம் கேட்டீங்களே, அதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். இந்த ஃபீல்டுல நம்ம மதுரைக்கு பெரிய இடம் உண்டு, நம்மாளுங்களுக்கே தெரியாது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரன்னு ஒரு பேராசிரியர், ஜெர்மனில ப்யூனிங்க்கிட்ட வேலை பாத்துட்டு வந்தவர். 1936லயே செடி தன் உள்கடிகாரத்த வச்சுதான் பகல் நீளத்த அளக்குதுன்னு சொன்ன ஆளு அந்த ப்யூனிங், மேல சாமந்தில நான் சொன்ன கதவுக் கதைக்கு அவர்தான் அடித்தளம். சந்திரசேகரனும் மாணவர்களும் ஊருக்கு வெளிய குகைல வௌவால வச்சு பாத்தாங்க. குகைக்குள்ள கும்மிருட்டு, பகலா ராத்திரியான்னு தெரிய வழியே இல்ல. அங்க ஒரு வௌவால கூண்டுல அடைச்சு வச்சாங்க. மத்த வௌவாலெல்லாம் தினமும் இருட்டுனதும் வெளிய பறந்து போயிட்டு திரும்பி வருது. கூண்டுல இருக்கறது வெளிச்சத்தையே பாக்கல, ஆனாலும் கூட்டம் கிளம்பற நேரத்துக்கு சரியா அதுவும் படபடன்னு கிளம்புது. அதே வௌவால வேற வௌவாலே இல்லாத குகைல வச்சா நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வெளி உலகத்தோட ஒட்டாம போயிருது. கூட்டத்தோட சத்தமும் நடமாட்டமும் அதோட கடிகாரத்துக்கு சாவி குடுத்துருக்கு. 1981ல வெளியாச்சு அது.

அந்தப் பல்கலைக்கழகத்துலயே மனுஷங்களுக்கும் ஒரு அறை வச்சிருந்தாங்க, ஜன்னல் கிடையாது, வாட்ச் கிடையாது, வெளி சத்தம் உள்ள வராது, விரும்பி வந்தவங்கள தங்க வச்சு எப்ப தூங்கறாங்க எப்ப சாப்பிடறாங்கன்னு குறிச்சாங்க. நான் அங்க படிச்சப்ப அந்தக் கட்டடத்த வெளிய இருந்து பாத்துருக்கேன், பாத்தா ஸ்டோர் ரூம்னுதான் தோணும். மனுஷனுக்கு வெளிச்சம்தான் பெரிய சாவி, கூட இருக்கறவங்க, சாப்பாட்டு நேரம் எல்லாம் துணைச் சாவி. ரூம்மேட் இல்லாதப்ப உங்க தூக்கம் கலையறதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. ஜன்னலுக்கு கனமான கருப்புத் திரை போடுங்க, லீவு நாள்லயும் தூக்க நேரத்த தலைகீழா புரட்டாம பாதி வழியாவது வச்சுக்கோங்க.

ராயக்கோட்டை பூத்தோட்டம்

அக்கா உங்க தொட்டிக்கு வரேன், நடுவுல கோழி வௌவாலுன்னு எங்கயோ போயிருச்சு. கம்பத்துக்கு சாக்கு கட்டாதீங்க, செடிக்கு கட்டுங்க. கெட்டியான கருப்புத் துணி வாங்கிக்கோங்க, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, ஊடால ஒளி தெரிஞ்சா வேணாம். தொட்டிய சுத்தி நாலு குச்சி நட்டு பொழுது சாஞ்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் மூடிட்டு காலைல ஆறரை ஏழுக்கு எடுத்துருங்க. இலைல வெளிச்சம் படக்கூடாது அதுதான் முக்கியம். பாலித்தீன் வேணாம், உள்ள வேர்த்து இலைல புள்ளி நோய் வரும். வெயில் ஏறுன பிறகு எடுக்க மறந்தீங்கன்னா செடி வெந்துரும்.

மொட்டு வந்ததும் போதும்னு நிறுத்திறாதீங்க, நிறைய பேர் அங்கதான் கோட்டை விடறாங்க. சாமந்திக்கு மொட்டு கட்டறதுக்கும் ராத்திரி வேணும், அந்த மொட்டு விரியறதுக்கும் வேணும். பாதில வெளிச்சம் பட்டா மொட்டு அப்படியே பச்சைக் குமிழா நின்னுட்டு பக்கத்துல இலை தள்ள ஆரம்பிக்கும். மொட்டு வாய் திறந்து மஞ்ச கலர் காட்டற வரைக்கும் மூடணும். பூ முடிஞ்சதும் அடி வரைக்கும் வெட்டி விட்டா கட்டைல இருந்து மறுபடி துளிரும், அடுத்த ஆடிக்கு அதுல இருந்தே கட்டிங் எடுத்து எல்லாத்தையும் கிணத்தடிக்கே கொண்டு போயிருங்க, முன்பக்கம் வேற ஏதாச்சும் வைங்க.

சேலத்து மாடித்தோட்டம்

ரொம்ப நன்றிங்க அண்ணா, பழைய கருப்பு குடைத்துணி ரெண்டு கெடக்கு, இன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிக்கறேன். முன்பக்கம் வேற என்ன வைக்கலாம்? எங்க நாத்தனார் டிராகன் ஃப்ரூட் வைக்க சொல்றா, அதுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

ராயக்கோட்டை பூத்தோட்டம்

தாராளமா வைங்க, அது நேர் எதிர். டிராகன் ஃப்ரூட்டுக்கு ராத்திரி குட்டையா இருந்தாத்தான் பூக்கத் தோணும், வியட்நாம்ல எல்லாம் குளிர்காலத்துல காய் எடுக்கறதுக்குன்னே தோட்டத்துல ராத்திரி லைட்டு போடறான். உங்க வாசலுக்கு அதவிட பொருத்தமான செடி கிடையாது. என்ன, சாமந்தி பக்கத்துல வச்சுட்டு அதுக்குன்னு தனியா பல்பு போட்டுறாதீங்க, என் பங்காளி ஒருத்தன் வரப்பு தாண்டி அப்படித்தான் பண்ணான், என்னோட கடைசி ரெண்டு பாத்தி பொங்கலுக்கு பூக்கல, ரெண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்ல.